மேசை ஏறாத போர்

தூரிகையின் நுனியை நாக்கில் தொட்டுக் கூராக்கி, கட்டைவிரல் உயரமுள்ள ஈயக் குதிரைவீரன் ஒருவனின் மூன்றாவது பொத்தானில் தங்கநிறத்தை வைத்துக்கொண்டே பெயிண்டக்கா அவனை வாங்கு வாங்கென்று வாங்குவார். "மூஞ்சியப் பாரு. சண்டைக்குப் போறியா, பொண்ணு பாக்கப் போறியா? தோள்ல ஜரிகை, தொப்பியில இறகு. இந்தக் கோலத்துல சேத்துல இறங்கு, பாப்போம்." நான்காவது பொத்தான். "உன்னைச் சொல்லி என்ன பண்ண? உன்னை ஆசை ஆசையா வாங்குறான் பாரு, அவனைச் சொல்லணும்." எதிரே அவருடைய வீட்டுக்காரர் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிடுவார். சாப்பாட்டு மேசை முழுக்க ஒரு குதிரைப்படை காய்ந்துகொண்டிருப்பதால் பத்து வருடமாக அவருக்கு மடிதான் மேசை.

பகலில் பெயிண்டக்காவின் தொழில் பல். மருத்துவமனைக்குப் பின்புறம் பல் கட்டிக் கொடுக்கும் லேபில் இருபத்தாறு வருடமாக வேலை. உடைந்த முன்பல்லுக்குப் பக்கத்துப் பல்லின் நிறத்தில் ஜோடி செய்வதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. வாடிக்கையாளரை ஜன்னலோரம் நிறுத்தி வாயைத் திறக்கச் சொல்வார். ஐந்து நொடி பார்ப்பார். உடனே மேசை மேல் இருக்கும் சாம்பல் நிற அட்டையைப் பார்ப்பார். மறுபடியும் ஐந்து நொடி. "அதுக்கு மேல முறைச்சுப் பாத்தா கண்ணு பொய் சொல்ல ஆரம்பிச்சுடும்" என்பார். ஒரே வாயில் இருக்கும் இரண்டு பல்கூட ஒரே வெள்ளை இல்லை என்பது அவர் சத்தியம் செய்து சொல்லும் விஷயம்.

அப்படி ஒரு முன்பல் கட்டிக்கொள்ள வந்த மருந்துக்கடைக்காரர்தான் அவரைப் போர்க்களத்துக்கு இழுத்துவிட்டவர். கண்ணாடியில் பல்லைப் பார்த்துச் சொக்கிப்போய், "அக்கா, ஈய பொம்மைக்கு இதே மாதிரி கலர் அடிப்பீங்களா?" என்று கேட்டார். ஞாயிற்றுக்கிழமை காலையில் சைக்கிள் கடை மாடியில் பன்னிரண்டு ஆண்கள் கூடுகிறார்கள். இரண்டு டேபிள் டென்னிஸ் மேசைகளை ஒட்டிப்போட்டுப் பச்சைத் துணி விரித்து, அட்டையில் மலையும் பஞ்சில் புகையும் செய்து, பழைய போர்களைப் பகடை உருட்டி மறுபடி நடத்துகிறார்கள். வரலாறு என்றால் உயிர் அவர்களுக்கு. அந்தப் பன்னிரண்டு பேருக்கும் பொம்மைகளுக்கு நிறம் தீட்டித் தருபவர் பெயிண்டக்கா. பெயரும் அங்கே வைத்ததுதான்.

அந்தக் கூட்டத்துக்குத் தலைவர் ஜெனரல். பேருந்துக் கழகத்தில் நேர அட்டவணை போட்டு ஓய்வு பெற்றவர். துப்பாக்கியைச் சினிமாவில் பார்த்ததோடு சரி. ஆனால் குரல் நாலு தெரு கேட்கும். இருநூறு வருடத்துக்கு முன்னால் எந்த மலைச்சரிவில் எந்தப் பட்டாளம் எத்தனை மணிக்கு நின்றது என்று கடகடவென்று ஒப்பிப்பார். காலையில் முழங்கால் மாத்திரை போட்டோமா இல்லையா என்பதை மட்டும் மருந்துக்கடைக்காரரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வார். கெட்ட மனிதர் இல்லை. அதுதான் பெயிண்டக்காவுக்குக் கூடுதல் எரிச்சல். கெட்டவராக இருந்தால் ஒரே நாளில் திட்டித் தீர்த்துவிட்டு வந்திருக்கலாம்.

பத்து வருடத்தில் அந்த மேசையில் நெப்போலியன் பதினேழு முறை தோற்றிருக்கிறார், நாலு முறை ஜெயித்தும் இருக்கிறார். இரண்டாம் உலகப் போரின் டாங்கிகள் பாலைவனத்தில் ஓடி ஓடித் துணியே நைந்துபோயிற்று. ஈட்டிக்காரர்கள், யானைப்படை, கோட்டை முற்றுகை எல்லாம் வந்துபோயின. பெயிண்டக்காவின் போர் ஒரு தடவைகூட வரவில்லை.

அந்தப் போரின் பெயரைச் சொன்னால் உங்களுக்கும் தெரியாது. தெரியாததில் உங்கள் தப்பு ஒன்றுமில்லை. பள்ளிப் பாடப்புத்தகத்திலேயே அதற்கு ஒன்றரை வரிதான். முப்பத்தேழு வருடத்துக்கு முன்னால் ஒரு சதுப்பு நிலத்துக்காக இரண்டு அரசாங்கங்கள் எழுபத்தெட்டு நாள் அடித்துக்கொண்டன. ஒன்பதாயிரம் பேர் செத்தார்கள். முடிவில் எல்லைக்கோடு ஆரம்பித்த இடத்திலேயே இருந்தது. இரண்டு பக்கமும் ஜெயித்ததாக அறிவித்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டன. நகர நூலகத்தில் உலகப் போர்களுக்கு ஒரு சுவர் முழுக்க அலமாரி இருக்கிறது. டாங்கிகளுக்கென்றே வழவழ தாளில் படப் புத்தகங்கள், எந்தத் தளபதிக்கு எந்த நாய் பிடிக்கும் என்பதற்குக்கூட ஒரு புத்தகம். இந்த ஒன்பதாயிரம் பேருக்கு ஒரு துண்டுப் பிரசுரம் கிடையாது. பெயிண்டக்கா தேடிப் பார்த்துவிட்டு, நூலகரிடம் ஒரு பாட்டம் சண்டையும் போட்டுவிட்டு வந்திருக்கிறார்.

அந்த ஒன்பதாயிரத்தில் ஒருவர் அவருடைய அண்ணன். தட்டச்சு இயந்திரம் பழுது பார்ப்பவர். எந்த அவசரமும் இல்லாத நாளிலும் நின்றுகொண்டே சாப்பிடுபவர். கட்டாயமாக ஆள் எடுத்தபோது போனார், ஐம்பத்தோராம் நாள் செத்தார். "எதிரியின் தாக்குதலில் வீரமரணம்" என்று அரசாங்கக் கடிதம் வந்தது. ஆறு மாதம் கழித்து அண்ணனோடு இருந்த ஒருவர் வீட்டுக்கு வந்தார். கொடுத்த டீயைத் தொடாமல், தரையைப் பார்த்தபடியே உண்மையைச் சொன்னார். அண்ணனும் மூன்று பேரும் விடிகாலையில் வாய்க்காலுக்குத் தண்ணீர் எடுக்கப் போனார்கள். மூடுபனி. மூன்று வாரச் சேற்றில் இரண்டு பட்டாளத்துச் சட்டையும் ஒரே நிறமாகிப் போயிருந்தது. தண்ணீர்க் கேனோடு திரும்பி வந்தவர்களை, அவர்களை அனுப்பிய கரையிலிருந்தே சுட்டுவிட்டார்கள். சொல்லி முடித்துவிட்டு அவர் எழுந்து போனார். அதற்குப் பிறகு அவரை யாரும் பார்க்கவில்லை.

இதைப் பெயிண்டக்கா சைக்கிள் கடை மாடியில் யாரிடமும் சொன்னதில்லை. அண்ணன் அந்தப் போரில் போனார் என்பது மட்டும் அங்கே தெரியும். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: அந்தப் போரும் ஒரு தடவை மேசைக்கு வர வேண்டும், நடந்தது நடந்தபடி வர வேண்டும். ஒவ்வொரு வருடமும் ஊராரைக் கூப்பிட்டு நடத்தும் கண்காட்சிக்கு எந்தப் போர் என்று பேச்சு வரும்போதெல்லாம் கேட்பார். ஒவ்வொரு வருடமும் ஜெனரல் பொறுமையாக விளக்குவார்.

"ஒரு போர்னா அதுல கதை இருக்கணும்மா. இப்படிப் போயிருந்தா என்ன ஆயிருக்கும், அந்தப் பாலத்தை உடைச்சிருந்தா என்ன ஆயிருக்கும்னு கேக்க இடம் வேணும். உங்க போர்ல ரெண்டு பக்கமும் எழுபத்தெட்டு நாள் குந்திக்கிட்டு இருந்தாங்க. பாதிப் பேர் வயித்தால போயே போயிட்டாங்க. இதை மேசையில வெச்சு நாங்க என்னத்த ஆடறது?"

"குந்திக்கிட்டு இருந்தவனும் செத்தான்ல சார்? அதுக்கு உங்க பகடையில நம்பர் இல்லையா?"

"கோவப்படாதீங்கக்கா" என்று மருந்துக்கடைக்காரர் நடுவில் வருவார். "பாக்க வர்றவங்களுக்குக் கொஞ்சம் கலரா இருந்தாத்தானே..."

"அப்படிச் சொல்லுங்க. அதான் உண்மை" என்பார் பெயிண்டக்கா.

இந்த விஷயத்தில் பெயிண்டக்காவுக்குத் தனிக் கொள்கையே உண்டு. பல்லுக்கு அச்சு எடுத்துக்கொண்டு லேபிலும் சொல்வார், பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரியிடமும் சொல்வார். "ஒரு போர் இவங்களுக்குப் பிடிச்சுப்போகணும்னா மொதல்ல துணிமணி நல்லா இருக்கணும். குதிரை இருந்தா விசேஷம். வரைபடத்துல அம்புக்குறி போட்டா நேரா போகணும், எங்கேயும் முட்டிக்கிட்டு நிக்கக் கூடாது. பெரிய மனுஷன் ஒருத்தன் வேணும், அவன் புத்திசாலியா முட்டாளான்னு இவங்க டீ குடிச்சுக்கிட்டே சண்டை போடணும். எல்லாத்துக்கும் மேல, செத்தவங்க வீட்டு ஒப்பாரி இவங்க காதுல விழுந்திருக்கக் கூடாது. நல்லா ஆறிப் போயிருக்கணும். அப்பத்தான் ருசி." கேட்பவர்கள் சிரிப்பார்கள். அவர் சிரிக்காததைப் பார்த்துப் பாதியில் நிறுத்திக்கொள்வார்கள்.

இந்த வருடம் அவர் வேலைநிறுத்தம் செய்துவிட்டார். கண்காட்சிக்கு நூற்றெண்பது குதிரைவீரர்கள் பெட்டியோடு வந்து இறங்கியபோது, பெட்டியைப் பிரிக்காமலே மருந்துக்கடையில் கொண்டுபோய் வைத்தார். "என் போர் உண்டுன்னா மத்ததெல்லாம் உண்டு. இல்லேன்னா உங்க குதிரையெல்லாம் வெறும் ஈயமா நிக்கட்டும். ஜெனரல் சார்கிட்ட சொல்லிடுங்க." பன்னிரண்டு வரலாற்று ஆர்வலர்களும் ஆளுக்கொரு தூரிகையோடு உட்கார்ந்து பார்த்தார்கள். குதிரைக்கும் வீரனுக்கும் சேர்த்து ஒரே முகம் வந்தது. பத்தாவது நாள் ஜெனரல் வெள்ளைக்கொடி காட்டினார்.

ஜெயித்த பிறகுதான் அடுத்த வயிற்றெரிச்சல். எந்தக் கம்பெனியின் பட்டியலிலும் அந்தப் போருக்குப் பொம்மை கிடையாது. நெப்போலியனின் சமையல்காரனுக்குக்கூட பொம்மை இருக்கிறது; இவர்களுக்கு இல்லை. பெயிண்டக்கா அசரவில்லை. பல் செதுக்கும் மெழுகை எடுத்து ஐந்து உருவம் செதுக்கினார். நிற்பவன், குந்தியிருப்பவன், குப்புறப் படுத்திருப்பவன், இன்னொருவனை முதுகில் சுமப்பவன், தண்ணீர்க் கேன் தூக்குபவன். ரப்பர் அச்சு எடுத்து, செயற்கை ஈறு செய்யும் பிளாஸ்டிக் மாவைக் குழைத்து ஊற்றினார். நாலு மாதத்தில் முந்நூறு வீரர்கள் வெளியே வந்தார்கள், அத்தனை பேரும் ஈறு நிறத்தில், ரோஜாப் பூவாக. லேப் முதலாளி எட்டிப் பார்த்து, "என்னம்மா இது, பல்லே இல்லாத பட்டாளம்?" என்றார். அன்றைக்குப் பெயிண்டக்காவே சிரித்துவிட்டார்.

நிறத்துக்கு அண்ணனின் சட்டை இருந்தது. பட்டாளத்திலிருந்து பொட்டலமாக வந்தது. வந்த நாளிலிருந்து துவைக்கவில்லை. அதை லேபுக்குக் கொண்டுபோய் அதே ஜன்னலோரம் விரித்தார். ஐந்து நொடி சட்டை, பிறகு சாம்பல் அட்டை, மறுபடியும் சட்டை. பச்சையும் இல்லை, காக்கியும் இல்லை, காய்ந்த சேறு. அந்த ஒரே நிறத்தை முந்நூறு பேருக்கும் அடித்தார். எந்த ஆள் எந்தப் பக்கம் என்பதற்கு உள்ளங்காலுக்கு அடியில் ஒரு பொட்டு வைத்தார், ஜெனரல் பக்கத்துக்கு நீலம், மருந்துக்கடைக்காரர் பக்கத்துக்குச் சிவப்பு. நிறுத்திவிட்டால் பொட்டு தெரியாது.

கண்காட்சிக்கு முந்தின வாரம் ஜெனரலும் மருந்துக்கடைக்காரரும் பார்க்க வந்தார்கள். சாப்பாட்டு மேசை முழுக்கச் சேற்று நிறத்தில் முந்நூறு பேர். ஜெனரல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"ஏம்மா, ஒருத்தன்கூட ஓடலையே?"

"முழங்கால் அளவு சேத்துல எங்க சார் ஓடறது?"

"சரி, இதுல நம்ம ஆளு யாரு, அவங்க ஆளு யாரு?"

"தூக்கிப் பாத்தா தெரியும். ஆனா சுடறதுக்கு முன்னாடி தூக்கிப் பாக்கக் கூடாது. சுட்டப்புறம்தான் பாக்கணும். அது ஒண்ணுதான் என் ரூல்."

"ஒரு சின்னக் கோடு போட்டுடுங்கம்மா, தொப்பியில. கடைசி வரிசைல நிக்கறவங்களுக்குத் தெரியணும்ல?"

"அங்க நின்னவனுக்கே தெரியல சார். கடைசி வரிசைக்காரருக்கு என்ன அவசரம்?"

மருந்துக்கடைக்காரர் ஜெனரலின் கையைப் பிடித்து அழுத்தினார். ஜெனரலின் முகம் மலர்ந்தது. "அதுவும் ஒரு திரில்தான்" என்றார். பெயிண்டக்காவுக்குக் காது மடல்வரை சிவந்தது. ஒத்துக்கொண்டாரே என்பதற்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தார்.

கண்காட்சி ஒரு பள்ளிக்கூட அரங்கில். மேசைக்குச் சேற்று நிறத் துணி, வாய்க்காலுக்கு நீளமான கண்ணாடித் துண்டு, இரண்டு பக்கமும் மரத்தூள் கரை. அறுபது எழுபது பேர் வந்திருந்தார்கள். சுவரோரம் அலங்கரித்து வைத்திருந்த பழைய குதிரைப்படையைத்தான் நிறையப் பேர் படமெடுத்தார்கள். மேசையருகே வந்த ஒருவர், "இன்னும் பெயிண்ட் அடிக்கலையா?" என்று கேட்டார். பெயிண்டக்கா பார்த்த பார்வையில் அவர் குதிரைகள் பக்கம் போய்விட்டார்.

முதல் ஒரு மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. அந்தப் போரிலும் முதல் வாரம் ஒன்றும் நடக்கவில்லை. இரண்டு பக்கமும் அவ்வப்போது ஆட்களைத் தண்ணீருக்கு அனுப்ப வேண்டும், அனுப்பாவிட்டால் வரிசை வரிசையாகப் படுத்துவிடுவார்கள். ஜெனரலும் நாலு பேரைக் கேனோடு வாய்க்காலுக்கு அனுப்பிவிட்டு டீக்குப் போனார். டீ கொடுக்கும் இடத்தில் ஒரு கல்லூரி ஆசிரியர் பிடித்துக்கொண்டார்: நெப்போலியன் அன்றைக்கு மழைச்சேறு காயட்டும் என்று காத்திராமல் காலையிலேயே ஆரம்பித்திருந்தால்? ஜெனரலுக்கு உச்சி குளிர்ந்தது. பிஸ்கட்டுகளை அடுக்கிப் படையணி காட்டினார். அரை மணி நேரம் ஓடியது; அவர் முறை வந்தபோதெல்லாம் பக்கத்தில் நின்றவர்கள் அவருடைய ஆட்களை நகர்த்திவிட்டார்கள்.

திரும்பி வந்து மேசையை ஒரு பார்வை பார்த்தார். வாய்க்காலிலிருந்து நாலு பேர் அவருடைய கரையை நோக்கி வந்துகொண்டிருந்தார்கள்.

"ஆகா! தண்ணி எடுக்கற மாதிரி பாவலா பண்ணிக்கிட்டு உள்ள நுழையறானுங்க பாருங்க!" கூட்டத்தைப் பார்த்துக் கண்ணடித்தார். "விடுவேனா நான்?"

மேசையின் மூலையில் நின்றிருந்த பெயிண்டக்காவுக்குத் தெரியும், அந்த நாலு பேர் யார் என்று. டீக்குப் போகும் முன் ஜெனரல் அவர்களை அனுப்பும்போது பார்த்துக்கொண்டுதான் இருந்தார். நடந்தது நடந்தபடி வர வேண்டும் என்று வருடக் கணக்கில் கேட்டவர் அவர்தான். இப்போது அது கண்ணெதிரே வந்து நின்றது. வேண்டாம் சார் என்று கத்தத் தோன்றியது. அதற்குள் பகடை உருண்டுவிட்டது.

இரண்டு ஆறு. நாலு பேரும் காலி. கூட்டத்தில் யாரோ கைதட்டினார்கள். மருந்துக்கடைக்காரர் நாலு பேரையும் சாய்த்தார். முதல் ஆளின் பாதத்தைத் திருப்பிப் பார்த்தவர் அடுத்தவனையும் பார்த்தார், மீதி இரண்டு பேரையும் பார்த்தார்.

"சார்... நீலம். நாலும் நீலம். இது நீங்க அனுப்புன ஆளுங்க சார்."

அரங்கமே கொல்லென்று சிரித்தது. ஜெனரலும் விழுந்து விழுந்து சிரித்தார். தன்னைப் பார்த்தே சிரிக்கத் தெரிந்தவர். "அடக் கடவுளே, தண்ணிக்கு அனுப்புனேன்ல! சுத்தமா மறந்து போச்சுப்பா. சரி சரி, இது சேராது. திருப்பி நிறுத்து." நண்பர்களுக்குள் அது வழக்கம்தான், கவனக்குறைவாகச் செய்த ஆட்டத்தைத் திருப்பி எடுத்துக்கொள்ளலாம், யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். மருந்துக்கடைக்காரர் தயங்கியதால் ஜெனரலே எழுந்து கையை நீட்டினார்.

அந்தக் கைக்கு முன்னால் பெயிண்டக்காவின் வலது கை போய் நாலு பேர் மேலும் கவிந்தது.

"இருக்கட்டும் சார்."

"அட, விளையாட்டும்மா."

"விளையாட்டுதான். பதினேழு தடவை நெப்போலியனைத் திருப்பி நிக்க வெச்சீங்க, நான் ஒரு வார்த்தை கேக்கல. இவங்க எந்திரிக்க மாட்டாங்க."

"நம்ம ஆளுங்களை நாமே சுட்டா, அதை எப்படிம்மா..."

"அப்படித்தான் சார் சுட்டீங்க. எங்கண்ணனும் தண்ணிக்குத்தான் போனான்."

ஜெனரலின் கை மேசைக்கு மேலேயே நின்றது. கடைசி வரிசையில் மட்டும் யாரோ இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். வலது கையை எடுக்காமலே பெயிண்டக்கா இடது கையால் பகடை இரண்டையும் பொறுக்கி, அடுத்த முறைக்குரிய மருந்துக்கடைக்காரர் பக்கமாகத் தள்ளினார்.